பிஸ்கட்டுக்கு அஜ்மானில் மாப்பிள்ளை

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்த பிள்ளைகள் ஏழு. ஆறு என் வயிற்றில் பிறந்தவை. ஏழாவது, கொழுந்தன் பிள்ளை, தாயில்லாமல் என் கைக்கு வந்தது. ஏழும் பிழைத்தன, ஏழும் ஆளாயின. நீ வளர்த்தது சோடை என்று ஊரில் எவளும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் ஷார்ஜாவில் ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஓர் உயிர் என்னைத் தோற்கடிக்கப் பார்த்தது.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகும். ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

என் கடைசி மகள் செல்வி ஷார்ஜாவில் முவைலா என்ற பகுதியில் குடியிருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. சமைத்துப் போட ஆள் வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நான் கிளம்பினேன். கிளம்புமுன் போனில் ஒரே ஒரு எச்சரிக்கைதான் செய்தாள்.

"எம்மா, வெத்தல பாக்கு மட்டும் கொண்டாந்துறாத. இங்க அது குத்தம். பிடிச்சு வச்சுக்கிடுவாவ."

ஐம்பது வருசப் பழக்கம். வெற்றிலையை விட்டேன், சுருக்குப்பையை விடவில்லை. மூன்று அறை வைத்து நானே தைத்த பெரிய பை அது. வெறும் பையாகவே இடுப்பில் தொங்கிக்கொண்டு விமானம் ஏறியது. உள்ளே திருநீற்றுப் பொட்டலம் ஒன்று, அவ்வளவுதான்.

விமான நிலையத்துக்குள் ஏசியில் மார்கழிக் குளிர். கதவைத் தாண்டியதும் மருமகனின் கண்ணாடி பனி படர்ந்தாற்போல் வெளுத்துவிட்டது. அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டபடியே என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவ்வளவு ஈரம் காற்றில். ஆனால் மழை என்ற பேச்சே கிடையாதாம். எங்கள் ஊரில் இப்படிப் புழுங்கினால் மாலைக்குள் இடி இடித்துவிடும்.

வீட்டுக்குள் நுழைந்தேன். செல்வி சோபாவில் காலைத் தூக்கி முக்காலியில் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் துணிப்பை ஒன்று தொங்கியது. பையின் வாயிலிருந்து சாம்பல் நிற வால் ஒன்று எட்டிப் பார்த்தது.

"என்னட்டி, எலியக் கொண்டாந்து நடுவீட்ல வச்சுருக்க?"

"எலி இல்ல ஆச்சி!" என்று பேத்தி நிவி பாய்ந்து வந்தாள். ஏழாவது படிக்கிறாள், தமிழை இங்கிலீஷில் தொட்டுத் தொட்டுப் பேசுவாள். "சுகர் கிளைடர். கங்காரு ஃபேமிலி. பிஸ்கட்னு பேரு."

உயிருள்ள ஒன்றுக்குத் தின்பண்டத்தின் பெயர். சரி, வைத்தது வைத்தாயிற்று.

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரணம் பிறகு தெரிந்தது. முதலில் இரண்டு இருந்திருக்கின்றன, பிஸ்கட்டும் அதன் துணை டாபியும். நம் வீடுகளில் குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைக்காமல் யாருக்கும் மனசு நிற்காது. குழாயைத் திறந்தால் எந்நேரமும் கொட்டுகிற இந்த ஊரிலும் செல்வி வாளியை நிறைத்தே வைத்திருக்கிறாள். நான் பழக்கியது. ஒருநாள் மாலை கூண்டைத் திறந்து விளையாட விட்டிருக்கிறார்கள். டாபி கதவிலிருந்து தாவி வாளிக்குள் விழுந்திருக்கிறது. நிவி அலற, செல்வி ஓட, ஈரத்தில் கால் வழுக்க, டாபியும் போய் இவள் கணுக்காலும் போனது.

அதிலிருந்து பிஸ்கட் சரியாகத் தின்பதில்லை. வால் மயிரைத் தானே பிடுங்கிப் போடுகிறது.

"அடுத்த வாரக் கடைசி வரைக்கும் பாப்பேன்மா," என்றாள் செல்வி. "அதுக்குள்ள தேறலன்னா வாங்கின கடைக்கே திருப்பிக் குடுத்துருவோம். இன்னொண்ணு செத்துக் கிடக்கத என்னால பாக்க ஆவாது."

நிவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, அந்தக் கடையில ஒரு குட்டிக் கூண்டுல தனியா போட்டுருவாங்க. பிஸ்கட் செத்துரும்," என்றாள். அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்குத் தைத்தது.

மறுநாள் பொழுது சாய்ந்து பாங்கு சொல்லி முடிந்ததும் அது வெளியே வந்தது. அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். நம் அணில் அளவு. வெல்வெட்டு போன்ற சாம்பல் மேனி. அணிலுக்கு முதுகில் மூன்று கோடு என்றால் இதற்கு ஒன்றே ஒன்று, மூக்கில் தொடங்கி வால்வரை கறுப்பாக இழுத்துவிட்டது போல. முகத்தில் பாதி கண். இருட்டில் பார்க்கிற சாதி அல்லவா, நாவற்பழத்தைக் கழுவி ஒட்டியதுபோல் கறுகறு என்று முழித்தது.

கூண்டைத் திறந்ததும் திரைச்சீலையில் ஏறியது. உச்சியில் நின்று தலையை ஆட்டி ஆட்டி தூரம் பார்த்தது. பிறகு பறந்தது. பறந்தது என்றா சொல்வது? கைக்கும் காலுக்கும் நடுவே மடித்து வைத்திருந்த தோலை விரித்து, ஒரு கைக்குட்டை காற்றில் போவதுபோல் போய் பிரிட்ஜின்மேல் இறங்கியது. வால்தான் அதற்குச் சுக்கான் என்றாள் நிவி.

பின்னங்காலைக் காட்டினாள். கட்டைவிரல் தனியாக விலகி நிற்கிறது, கிளையைப் பிடிக்க. அடுத்த இரண்டு விரல்கள் ஒட்டிப் பிறந்து நுனியில் மட்டும் பிரிந்திருக்கின்றன. அதுதான் அதற்குச் சீப்பு. அதை வைத்து மேனியை வாரிக்கொள்கிறது. சீப்போடு பிறக்கிற சாதியை எழுபத்து நான்கு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன்.

வயிற்றில் தொப்புள்போல ஒரு கீறல். அதுதான் பை.

"பேபி பொறக்கும்போது ரைஸ் சைஸ்தான் ஆச்சி. ஒரு சோத்துப் பருக்கை. கண்ணு தெரியாது. அதுவாவே ஊர்ந்து ஏறி பைக்குள்ள போயிரும். அங்கதான் வளரும்."

"எத்தன மாசம் சுமக்கும்?"

"மாசமா? ரெண்டு வாரம், கொஞ்சம் கூட. அவ்வளவுதான்."

ஆறையும் நான் பத்துப் பத்து மாசம் சுமந்தேன். மீதியைப் பையில் போட்டு வேலை பார்த்துக்கொண்டே வளர்க்கலாமாம். கடவுள் ஆஸ்திரேலியாவில் நன்றாக யோசித்திருக்கிறார்.

அந்த ஊர்க் காட்டில் கருவேல மரத்தின் சாதியில் பட்டையைக் கடித்து, வடிகிற பிசினை நக்கித்தான் பிழைக்குமாம். இதைக் கேட்டதும் எனக்குப் பாதை தெரிந்தது. நாங்களும் சின்னதில் கருவேல மரத்தில் பிசின் சுரண்டித் தின்றவர்கள்தானே. மூன்றாம் நாள் மருமகனைக் கூட்டிக்கொண்டு முவைலா கடைத்தெருவுக்குப் போனேன். மசாலாக் கடைக்காரர் ஈரான் தேசத்தவர். சாக்குச் சாக்காக எலுமிச்சையைக் காயவைத்து விற்கிறார். ஒரு மூலையில் பொன்னிறத்தில் கட்டி கட்டியாக நம் பிசின்! வாயில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். "அது சும்மா தின்ன இல்லை, கரைத்துக் குடிக்க என்கிறார் அத்தை," என்றார் மருமகன். "எனக்குத் தெரியும்னு சொல்லுங்க," என்றேன்.

கரைத்து ஒரு மூடியில் வைத்தேன். பிஸ்கட் முகர்ந்தது, இரண்டு நக்கு நக்கியது, மூன்றாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் இரண்டு நக்கு. நிவி என் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

நான்காம் நாள் மிருக டாக்டரிடம் போனோம். காத்திருக்கும் அறையில் ஒரு பூனை குழந்தை வண்டியில் உட்கார்ந்திருந்தது. எதிரே வெள்ளை அங்கி போட்ட அரபுக்காரர், கையுறையில் ஓர் இராஜாளி. அதன் கண்ணை மூடித் தோல் தொப்பி போட்டிருந்தார்கள். அதற்கும் டோக்கன் நம்பர் உண்டு. பிஸ்கட்டின் கூண்டு என் மடியில் நடுங்கியது. கண்ணை மூடினால் என்ன, காது இருக்கிறதே அந்தப் பறவைக்கு. நான் மெதுவாகக் கையை விட்டு பிஸ்கட்டை எடுத்து என் சுருக்குப்பைக்குள் இறக்கிக் கயிற்றை இலேசாக இழுத்தேன். உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு அசைவே இல்லை. தூங்கிவிட்டது.

டாக்டரம்மா எகிப்துக்காரர். பையோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நிவி எனக்குத் தமிழாக்கினாள். உடம்பில் நோய் இல்லை. இது கூட்டமாக வாழ்கிற சாதி. ஒரே மரப்பொந்தில் ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடக்கும். தனியாக விட்டால் இப்படித்தான் தன்னையே பிடுங்கிக்கொள்ளும். மருந்து எழுத ஒன்றும் இல்லை, துணை தேடுங்கள்.

என் வீட்டுக்காரர் போய் இருபது வருசம் ஆகிறது. நான் சோற்றை விடவில்லை. நான்கு பேருக்குக் கல்யாணம் ஆகாத நிலையில் எப்படி விடுவது? இதற்கு அந்த வசதி இல்லை. பாவம், இதை நம்பி யாரும் பசியோடு நிற்கவில்லை.

அன்றிலிருந்து பகல் முழுக்க பிஸ்கட் என் இடுப்பில்தான். நான் ரசம் தாளிப்பேன், அது பையில் தூங்கும். செல்வி பார்த்துவிட்டு, "ஏழு போதாதாம்மா ஒனக்கு?" என்றாள். கால் முறிந்தபின் அவள் செய்த முதல் கேலி அதுதான்.

மருமகன் போனில் தேடினார். இந்தப் பிராணி வளர்க்கிறவர்களுக்கு ஒரு குழு இருக்கிறதாம். அஜ்மானில் ஏசி மெக்கானிக் ஒருவரிடம் ஓர் ஆண் தனியாக இருக்கிறது என்று செய்தி வந்தது. பேர் வேலு, ராமநாதபுரத்துக்காரர். சனிக்கிழமை வந்து பாருங்கள், தருவதைப் பற்றி இப்போது சொல்லமாட்டேன் என்றாராம்.

பெண்ணைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. அதுவும் தருவேன் என்று சொல்லாத வீட்டுக்கு. ஆனால் அவர்கள் நம்மைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை பிஸ்கட் தூங்குகிற துணிப்பை, கூண்டு விரிப்பு, ஏறி விளையாடுகிற கயிறு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கசக்கி பால்கனியில் காயப்போட்டேன். அந்த வெயிலுக்குப் பிழிகிற நேரம்தான் காய்கிற நேரம். காய்ந்ததும் சாம்பிராணி காட்டினேன்.

கூரையில் ஒரு வெள்ளை வட்டம் இருக்கிறது. புகை பட்டதும் அது கூப்பாடு போட ஆரம்பித்துவிட்டது. வாட்ச்மேன் மூச்சிரைக்க மேலே ஓடிவந்து, "மாஜி, என்ன எரியுது?" என்று இந்தியில் கேட்டார். மோந்து பார்த்ததும் முகம் மாறியது. "பக்கூரா?" என்றார். அரபு வீடுகளிலும் வெள்ளிக்கிழமை இப்படித்தான் புகை போடுவார்களாம், கதவைத் திறந்துவைத்துப் போடவேண்டுமாம். திறந்து வைத்தேன்.

சனிக்கிழமை நான், நிவி, மருமகன் மூவரும் கிளம்பினோம். பிஸ்கட் மணக்க மணக்கத் துணிப்பையில், பை ஒரு மூடுகூடையில். சுருக்குப்பையில் வைத்துக்கொள்ளலாமே ஆச்சி என்றாள் நிவி. கல்யாணப் பேச்சுக்குப் போகிற பெண்ணை வெற்றிலைப் பையிலா கொண்டுபோவது? கூடையில்தான் வைத்தேன். ஏறியதிலிருந்து அது கத்தத் தொடங்கியது. எண்ணெய் காணாத தையல் மெஷினை ஒருவர் வேகமாக மிதிப்பதுபோல் ஒரு சத்தம். பயந்தால் அப்படிக் கத்தும் என்றாள் நிவி. கல்யாணக் கலக்கம் என்று நான் நினைத்தேன்.

வழியில் மருமகன் பெட்ரோல் போட நிறுத்தினார். கராக் சாயா வாங்கித் தந்தார். ஏலக்காய் தட்டி, பாலைச் சுண்டக் காய்ச்சி, காகித டம்ளரில் தருகிறார்கள். நம் டீக்கடைக்காரர்கள் வந்து கற்றுக்கொள்ளலாம். குடித்து முடித்துச் சாவியைத் திருப்பினால் வண்டி முனகிவிட்டு நின்றது. பேட்டரி போய்விட்டது. ஏசி நின்ற காருக்குள் வெயில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? கூடை சுட ஆரம்பித்தது.

"நான் வண்டியப் பாத்துட்டு வாரேன் அத்தை. டாக்சி பிடிச்சுத் தாரேன். நீங்களும் நிவியும் முன்னால போறியளா?"

"போறதுக்கென்ன," என்றேன். பாஷை தெரியாத ஊர், தெரியாத வீடு. ஆனால் என்னைப் பார்த்து முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் எனக்குச் சொல்ல வரும்.

டாக்சிக்காரர் பட்டாணியர். கூடைச் சத்தத்தைக் கேட்டு ஏதோ கேட்டார். நிவி இந்தியில் பதில் சொன்னாள். அவர் பின்கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சொன்ன?"

"மாப்பிள்ளை பார்க்கப் போறோம், பொண்ணு அழுதுன்னேன். அவர் தங்கச்சியும் இப்படித்தான் அழுதாளாம். இப்ப அவ புருஷன்தான் அழறானாம்."

அஜ்மானில் நான்கு மாடி வீடு. லிப்ட் வேலை செய்யவில்லை. ஏறினேன். ஒரே அறையில் மாடிக்கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் திரை. பாதிப் பேர் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். வேலு முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர், ஒல்லி. கூட இருந்தவர் மாரிமுத்து, அறைக்குச் சமைக்கிறவர், வாய் நிற்காது.

"வாங்க ஆத்தா, உக்காருங்க. பொண்ணு வீட்ல ரெண்டே பேருதானா?"

"மருமகன் வண்டியோட நிக்காவ. மாப்பிள்ள எங்க?"

வேலு தன் கட்டிலின் திரையை விலக்கினார். கூண்டுக்குள் அவருடைய பழைய டியூட்டிச் சட்டையின் கை ஒன்று தொங்கியது. உள்ளே மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான், பேர் துரை. விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போன ஒரு குடும்பம், ஏசி ரிப்பேர் பார்க்கப் போன இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. முன்பு சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்தபோது ஒரு பூனைக்குக்கூட இடம் இல்லை, இதற்காகவே அறை மாறினேன் என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கு விளங்கியது, இது லேசில் பெயராது.

துரை தலையை நீட்டினான். உச்சந்தலையில் மயிரே இல்லை.

"ஏய்யா, மாப்பிள்ளைக்கு வழுக்கையால்லா இருக்கு?"

மாரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஆத்தா, சொத்து இருக்குல்ல, வழுக்கைய விடுங்க!"

"ஆச்சி, எல்லா ஆம்பள கிளைடரும் அப்படித்தான்," என்று நிவி என் காதில் சொன்னாள். "அங்கதான் ஸ்மெல் வரும். அத பொண்ணு மேல தேய்ப்பான். தேய்ச்சாதான் நம்ம ஆளுன்னு அர்த்தம்."

"பொண்ணுக்கு என்ன போடுவீக?" என்றார் மாரிமுத்து.

"சீப்போட பொறந்தவ எங்க பொண்ணு. வேற என்னத்தப் போடணும்?"

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் கூடையைத் திறந்தேன். பிஸ்கட் வெளியே தெறித்தது. கட்டில் கம்பி, திரை, ஏசி, அங்கிருந்து தோலை விரித்து அறையின் மறுகோடி. எல்லாரும் எழுந்து கத்தினோம். அது இன்னும் மிரண்டது. கடைசியாகப் போய் இறங்கியது குளியலறைக் கதவின் மேல்விளிம்பில். கதவு உட்பக்கமாகத் திறந்து கிடந்தது. நேர் கீழே ஒரு டிரம். நிறையத் தண்ணீர். மூடி இல்லை.

நிவி வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் செத்துவிட்டது.

"ஆரும் அசையாதீக," என்றார் வேலு.

நான் கூடையிலிருந்த துணிப்பையை எடுத்து நீட்டினேன். "வா தாயி, இது ஒம் பை." அது என் கையைப் பார்த்து அந்தத் தையல் மெஷின் சத்தம் போட்டு இன்னும் நுனிக்குப் போனது.

"ஆச்சி, நீங்க அவ ஸ்மெல்லையே வாஷ் பண்ணிட்டீங்க," என்றாள் நிவி, கிசுகிசுப்பாக. "நேத்து எல்லாத்தையும். அது அவ வீடு இல்ல இப்ப. அவளுக்குத் தெரிஞ்ச ஒண்ணுமே இல்ல."

வீடு என்றால் கழுவத்தான் வேண்டும். அழுக்குத் துணியோடு எந்தப் பெண்ணையும் நான் யார் வீட்டுக்கும் அனுப்பியதில்லை. ஆனால் இதற்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிது. நமக்கு அழுக்கு என்பது அதற்கு வாசற்படி. அது அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது. என்னிடம் சோப்பையே காணாத பொருள் ஒன்றுதான் உண்டு. அது என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு கையாலும் பையின் வாயை அகல விரித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நகர்ந்தேன். டிரம்முக்கு இந்தப் பக்கம் நின்றேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதே. அதன் மூக்கு அசைந்தது. தலையை இப்படி ஒருதரம், அப்படி ஒருதரம் ஆட்டித் தூரம் பார்த்தது. எனக்கோ அதற்குக் கீழே இருந்த தண்ணீர்தான் தெரிந்தது.

பாய்ந்தது. தோல் விரிந்ததைப் பார்த்தேன், பிறகு நெஞ்சில் பொத்தென்று ஒரு சின்னக் கனம். நகம் ரவிக்கையில் மாட்டி, கழன்று, பைக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. அந்தச் சத்தம் நின்றது.

மாரிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார். "டிரம்ம மூடுங்கடா முதல்ல."

நான் உட்கார்ந்துவிட்டேன். நிவி என்மேல் சாய்ந்து பையின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

தரையில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து மாரிமுத்து சோறு போட்டார். நெத்திலிக் குழம்பு, சோறு தீர்ந்ததும் குபூஸ். குபூஸ் என்பது இவர்கள் ரொட்டி, தட்டு அகலம், கடைக்குக் கடை கிடைக்கும். குழம்பில் முக்கினால் நம் வாய்க்கும் ஒத்துப்போகிறது. புளி கொஞ்சம் தூக்கல் என்றேன். "பொண்ணு வீட்டுக்காரக குறை சொல்லாம இருந்தா நாங்க சந்தேகப்படுவோம்," என்றார்.

வேலு சரியாகச் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"ஆத்தா, நான் காலைல போனா பொழுதடைஞ்சுதான் வாரேன். இவனும் தனியாத்தேன் கெடக்கான். வால நானும் பாத்தேன், இவனும் புடுங்க ஆரம்பிச்சுட்டான். தரக்கூடாதுன்னுதேன் நெனச்சுருந்தேன். நீங்க அந்தப் பையப் புடிச்சு நின்னதப் பாத்தபெறகு..." என்று நிறுத்தினார். பிறகு, "வீட்டோட மாப்பிள்ளையா அனுப்புறேன். மரியாதையா நடத்துங்க. வாரம் ஒருக்கா வீடியோ கால்ல காட்டணும்," என்றார்.

"மாப்பிள்ளையோட தகப்பன் எப்ப வந்தாலும் எல போட்டுச் சோறு உண்டு," என்றேன்.

மருமகன் புது பேட்டரியோடு வந்து சேர்ந்தார். துரை அவனுடைய சட்டைக்கையில், பிஸ்கட் என் இடுப்பில். திரும்பும் வழியெல்லாம் காரில் ஒரு சத்தம் இல்லை.

உடனே ஒரே கூண்டில் போடக் கூடாது, கடித்துக் கொன்றுவிடும் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். வாசனை பழகவேண்டும். இரண்டு கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இன்று சட்டைக்கையைப் பிஸ்கட்டுக்கும் சுருக்குப்பையைத் துரைக்கும் கொடுப்போம், நாளை மாற்றுவோம். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவார்களே, அதேதான், தினமும். துரை என் பையில் தலையைத் தேய் தேய் என்று தேய்த்தான். பிஸ்கட் சட்டைக்கையை முதல்நாள் உதைத்துத் தள்ளியது, அடுத்த நாள் மோந்தது, அதற்கடுத்த நாள் அதற்குள் படுத்தது. அந்த மாலை பிசின் மூடியை ஒட்ட நக்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தது. பிறகு ஒரு மாலை செல்வி நொண்டிக்கொண்டு வந்து பார்க்க, கூண்டுக் கதவுகளைத் திறந்துவிட்டோம். இரண்டும் மூக்கும் மூக்கும் வைத்தன. கொஞ்சம் கத்தல். அப்புறம் துரை வழுக்கையைக் கொண்டுபோய் அவள் கழுத்தில் தேய்த்தான். அவள் சும்மா இருந்தாள்.

"வாங்கிக் கட்டிக்கிடப் போறான்னுல்லா நெனச்சேன்," என்றாள் செல்வி. கடைக்குத் திருப்பிக் கொடுக்கிற பேச்சு அதோடு போயிற்று.

மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. என் சுருக்குப்பை வெற்றிலை பாக்கு நிறைத்து வைத்த நாளைவிட உப்பியிருந்தது. வாயில் இரண்டு வால்கள். ஒன்று அடர்த்தி, ஒன்று சொட்டை. சொட்டையில் பூனைமயிர்போல் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. அடுப்பைப் பற்றவைக்காமல் அங்கேயே நின்றேன். நான் வளர்த்த கணக்கில் இது சேருமா சேராதா என்று யோசித்தேன். சேராது. ஆனால் தோற்கவும் இல்லை.

இது காட்டில் இருக்கவேண்டிய உயிர். கூண்டிலேயே பிறந்துவிட்டது, இனிக் கொண்டுபோய் விடக் காடு தெரியாது. வேடிக்கைக்காக யாரும் வாங்கவேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். வாங்கிவிட்டால் ஒற்றையாக வைக்கவேண்டாம். வாளிக்கு மூடி போடுங்கள்.

செல்விக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. நாளை நான் ஊருக்குக் கிளம்புகிறேன். போனதும் முதல் வேலை வெற்றிலை. அதை எதில் முடிந்துகொள்வது என்றுதான் தெரியவில்லை, பாலிதீன் கவரில்தான் வைக்கவேண்டும். சுருக்குப்பை இங்கேயே இருக்கட்டும், உள்ளே ஆள் இருக்கிறார்கள். திருநீற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பையைக் கழுவக் கூடாது என்று நானே செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நிவி, இங்கே வா. நீ வெள்ளிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாயே, இதை எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டு. நான் எழுதின வேகத்துக்கே வாசி, போதும். பிழை இருந்தால் சிரிக்காதே. மாப்பிள்ளை வழுக்கை வருகிற இடத்தை இரண்டுதரம் வாசி. சத்தமாக வேண்டாம் தாயி, அதுகள் தூங்குதுகள்.